100 மைல் போடுற பையனை எடுத்தா போதுமா? இளம் பிட்சர்களை (பேஸ்பால்ல பந்து போடுறவங்களை) வளர்க்குறது பத்தி ஒரு இழை

3 நவம்பர் 2025 | ஃபைன்லெக்

வேர்ல்ட் சீரிஸ் பார்த்துட்டு பேஸ்பால் பக்கம் வந்தவன் நான். ஒரு விஷயம் பிடிபடல. டிராஃப்ட்ல (டீம்கள் முறை வச்சு புதுப் பசங்களை எடுக்கிறதுல) மணிக்கு 100 மைல் போடுற பசங்களா பார்த்து எடுத்துட்டு, கன்ட்ரோலை அப்புறம் சொல்லிக் குடுத்தா ஆச்சே? வேகம் பிறவியில வர்றது, லைன் லெங்த் பழக்கத்துல வர்றது. இதுக்கு எதுக்கு நாலு படி மைனர் லீக் (உச்சத்துல இருக்கிற மேஜர் லீக்குக்குக் கீழ பசங்களை வளர்க்குற லீக்), நாலஞ்சு வருஷம்?

3 நவம்பர் 2025, இரவு | புல்பென்

நடக்குறது நேர் எதிரா. பிட்சர் வளர்ப்புல இன்னிக்கு பேர் வாங்கியிருக்கிற டீம்கள், ஏற்கெனவே ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய கட்டத்துக்குள்ள வர்ற பந்து) போடத் தெரிஞ்ச பையனை எடுத்து வேகத்தை ஏத்துறாங்க. வேகம் ஏத்த ஓரளவு வழி தெரிஞ்சுபோச்சு. ஸ்ட்ரைக் போட வைக்கிறதுக்கு இன்னும் யாருகிட்டயும் சரியான மருந்து இல்லை.

சியாட்டில் மரினர்ஸ் கணக்கைப் பாருங்க. 2018 முதல் சுற்றுல 14-வது ஆளா லோகன் கில்பர்ட், ஸ்டெட்சன் கல்லூரி. 2019-ல 20-வது ஆளா ஜார்ஜ் கிர்பி, எலான். 2021 நாலாவது சுற்றுல பிரைஸ் மில்லர், ஆறாவது சுற்றுல பிரையன் வூ. இந்த நாலு பேரும், 2022-ல டிரேடுல வந்த லூயிஸ் காஸ்டியோவும் சேர்ந்து 2024-ல 162 ஆட்டத்துல 149 ஆட்டத்துக்கு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கிற பிட்சர்). மீதி 13-ல 12 எமர்சன் ஹான்காக். அவரும் 2020 முதல் சுற்றுல இவங்களே எடுத்த ஆள்.

கிர்பி எலான்ல கடைசி வருஷம் 88.1 இன்னிங்ஸ் போட்டு 107 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) பண்ணார், வாக் (கட்டத்துக்கு வெளிய நாலு பந்து போட்டு பேட்டரை சும்மா முதல் பேஸுக்கு விடுறது) குடுத்தது 6 பேருக்கு. (மூணு அவுட்டுக்கு ஒரு இன்னிங்ஸ். 88.1-னா 88 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். நம்ம ஓவர் கணக்கேதான்.) அப்போ அவர் வேகம் 92-94 மைல் சுற்று. 2023-ல மேஜர் லீக்ல சராசரி 96. அந்த வருஷம் 190.2 இன்னிங்ஸுக்கு 19 வாக். வேகம் ஏறிச்சு, கன்ட்ரோல் கூடவே வந்துச்சு. இதே கதையைத் திருப்பிப் போட்டா அவ்வளவு சுலபமா நடக்கிறதில்லை.

ஏன்னு கேட்டா கணக்கு ரொம்ப சின்னது. பிட்சர் நிக்கிற மேட்டுல இருந்து பேட்டர் பக்கத்துல இருக்கிற ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். முன்னாடி காலை வச்சு எட்டிப் போடுறதால பந்து கையை விட்டுப் போற தூரம் சுமார் 54 அடிதான். விடும்போது கோணம் 1 டிகிரி தப்பினா பிளேட்டுல 11 அங்குலம் தப்பும். பிளேட்டோட அகலமே 17 அங்குலம். 1 டிகிரிக்குள்ள 90 தடவை அதே இடத்துல விடுறது உடம்புல ஊறியிருக்கணும். 21 வயசுல அது இல்லாத பையனுக்கு அதை ஊட்டுறது கஷ்டம்.

4 நவம்பர் 2025 | ஃபைன்லெக்

சரி, வேகத்தை எப்படி ஏத்துறாங்க? ஜிம்மா?

4 நவம்பர் 2025 | புல்பென்

ஜிம் ஒரு பங்கு. ஒல்லியா வர்ற பையனுக்கு முதல் குளிர்காலத்துல சில கிலோ தசை ஏத்துறது, டெட்லிஃப்ட், ஸ்குவாட், பக்கவாட்டுல மெடிசின் பால் எறியுறது. அதுல வர்ற 1, 2 மைல் இலவச மைல் மாதிரி.

அடுத்தது அசைவு. அதிவேக கேமரால ரெண்டு இடத்தை முதல்ல பார்ப்பாங்க. ஒண்ணு, முன்கால் தரையில ஊணும்போது இடுப்பு பேட்டர் பக்கம் திரும்பியிருக்கணும், தோள் இன்னும் பக்கவாட்டுலயே இருக்கணும். ரெண்டும் ஒண்ணாத் திரும்பினா முறுக்கே இல்லை. ரெண்டு, பந்தை விடுறப்போ முன்முட்டி நிமிரணும். முட்டி மடங்கி முன்னாடி சறுக்கினா காலும் இடுப்பும் சேர்த்து வச்ச பலம் மண்ணுக்குப் போயிடும், கை தனியா உழைக்கும். பையன் "கை வலிக்குது"ன்னு வர்றப்போ பல நேரம் பார்க்க வேண்டிய இடம் முட்டி.

மூணாவது, எடை மாத்தின பந்து. பேஸ்பால் 5-லிருந்து 5¼ அவுன்ஸ், அதாவது 142-149 கிராம். சுவத்துல அடிக்கிற பிளையோ பந்து 100 கிராம்ல இருந்து 2 கிலோ வரைக்கும் இருக்கு. கனமான பந்து கையோட பாதையைச் சரி பண்ணும், லேசான பந்து வேகத்தைப் பழக்கும்னு சொல்றாங்க. பலன் நிஜம். ஆபத்தும் நிஜம். 13-18 வயசுப் பசங்களை வச்சு 2018-ல வெளியான ஆய்வுல 6 வாரப் பயிற்சியில வேகம் 3.3 சதவீதம் ஏறிச்சு. அதே குழுவுல 24 சதவீதம் பேருக்கு அந்தப் பயிற்சியிலயோ அடுத்த சீசன்லயோ காயம். தோள் பின்னாடி சாயுற கோணம் கூடிடுது, அதைத் தாங்குற தசை பலம் கூடல. யாருக்கு எந்த எடை, எத்தனை எறி, எந்த மாசம்னு பார்க்காம எல்லாருக்கும் ஒரே அட்டவணை ஒட்டுறதுதான் வினை.

5 நவம்பர் 2025 | இடக்கை

வூவை சத்தமில்லாம தாண்டிட்டீங்களே. கால் பாலி கல்லூரியில அவரோட ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் குடுத்தார்ங்கிற சராசரி) 6-க்கு மேல. எடுத்தப்போ முழங்கை ஆபரேஷன் முடிஞ்சு உக்காந்திருந்தார். இதுல எங்க சார் உங்க "ஸ்ட்ரைக் போடத் தெரிஞ்ச பையன்"?

5 நவம்பர் 2025 | புல்பென்

நல்ல கொக்கி. கல்லூரி ஈஆர்ஏல பின்னாடி நிக்கிற ஃபீல்டிங், சின்ன மைதானம், அலுமினிய மட்டை எல்லாம் கலந்திருக்கு. அதை வச்சு கன்ட்ரோலை அளக்க முடியாது. ஆனாலும் மேல நான் எழுதினதை அப்படியே சட்டமா எடுக்க வேண்டாம். வூவை எடுத்ததுக்கு காரணம் ஃபாஸ்ட்பாலோட வடிவம், அதாவது அது காத்துல வர்ற விதம்.

அவர் பந்தை விடுற இடம் தாழ்வு. தாழ்வா விட்டு ஸ்ட்ரைக் ஸோனோட மேல்பகுதியில போட்டா பந்து பிளேட்டுக்கு வர்ற கோணம் தட்டையாகும். சாதாரண ஃபாஸ்ட்பால் சுமார் 5 டிகிரி கீழ் நோக்கி வரும். தட்டையானது 4 பக்கம். பேட்டர் கண்ணு 5-ஐ எதிர்பார்க்கும், மட்டை பந்துக்கு அடியில போகும். இந்த வடிவத்தை கோச் ஒரு வாரத்துல வரவழைக்க முடியாது. தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் சேர்ந்து அமையணும். அதான் வூ பத்துப் பந்துல ஏழு பந்து ஏதாவது ஒரு வகை ஃபாஸ்ட்பாலாவே போட்டுப் பிழைக்கிறார். 2024-ல 121.1 இன்னிங்ஸுக்கு 13 வாக்.

ஆக, திருத்திச் சொன்னா: ஸ்ட்ரைக்கோ பந்து வடிவமோ, சொல்லிக் குடுக்க முடியாதது ஒண்ணாவது பையன்கிட்ட இருக்கணும். வேகம் அந்தப் பட்டியல்ல இல்லை.

ஆபரேஷன் ஆன ஆளை எடுக்கிறதுல ஒரு வசதியும் இருக்கு. ஒரு வருஷத்துக்கு ஆட்டம் கிடையாது, ஸ்கோர் கிடையாது. அரிசோனா பியோரியா முகாம்ல உடம்பையும் அசைவையும் புதுசா கட்டலாம். டாமி ஜான் ஆபரேஷனுக்கு (அறுந்த முழங்கைத் தசைநாரை மாத்துறது) அப்புறம் பொதுவா நாலஞ்சு மாசத்துல 45 அடியில எறிய ஆரம்பிப்பாங்க. அப்புறம் 60, 90, 120, 150, 180 அடி. ஒவ்வொரு தூரத்துலயும் வலி இல்லாம ரெண்டு தடவை முடிச்சாதான் அடுத்தது. வலி வந்தா ஒரு படி கீழ. மேட்டு மேல ஏறுறது ஒன்பது, பத்தாவது மாசம். இதுல எல்லாரும் தவறுற இடம் 90-120 அடி. கை லேசா இருக்கும், பையன் முழு வேகத்துல விட்டுப் பார்ப்பான். ரேடாரை மறைச்சு வைக்கிற முகாம்களும் உண்டு.

5 நவம்பர் 2025 | இடக்கை

ஒத்துக்கிறேன். ஆனா மேஜர் லீக்ல வூவோட முதல் ஆட்டத்தையும் சொல்லியிருக்கலாம்.

5 நவம்பர் 2025 | புல்பென்

2023 ஜூன், டெக்சஸ். 2 இன்னிங்ஸ், 6 ரன். வடிவத்தை டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டீம் மதிக்கல அன்னிக்கு.

9 நவம்பர் 2025 | புல்பென்

வாரம் எப்படிப் போகும்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தாங்க, பொதுவுலயே போடுறேன்.

மைனர் லீக்ல 2021-லிருந்து பெரும்பாலும் செவ்வாய்ல இருந்து ஞாயிறு வரை ஒரே ஊர்ல ஆறு ஆட்டம், திங்கள் லீவு. அதனால ஸ்டார்ட்டருக்கு வாரம் ஒரு ஆட்டம்னு வசதியா அமையும். செவ்வாய் போட்டா புதன் கால் பயிற்சி, லேசா ஓட்டம், தோளோட உள்சுழற்சி எத்தனை டிகிரி குறைஞ்சிருக்குன்னு அளவு. வியாழன் 90-120 அடி கேட்ச் (ஒருத்தருக்கொருத்தர் எறிஞ்சு பிடிக்கிறது). வெள்ளி புல்பென் (ஆட்டம் இல்லாத நாள்ல மேட்டுல இருந்து கேட்சருக்குப் போடுற பயிற்சி), 25-30 பந்து. அதுல பாதியாவது அந்த வாரம் திருத்த வேண்டிய ஒரே பந்து. சனி ஓய்வுக்குப் பக்கம். ஞாயிறு நீளமான கேட்ச், திங்கள் லேசா, மறுபடி செவ்வாய்.

சிக்கல் என்னன்னா மேஜர் லீக்ல அஞ்சாறு நாளைக்கு ஒருதடவை போடணும், சில நேரம் நடுவுல நாலே நாள்தான். வாரம் ஒருதடவைக்குப் பழகின கைக்கு அது பெரிய தாவல். அதனால மேல அனுப்புறதுக்கு முந்தியே சில ஆட்டத்துக்கு இடைவெளியைக் குறைச்சுப் பார்க்கணும். செய்யாம அனுப்பின டீம்ல ஜூலை மாசம் பையனோட வேகம் ஒன்றரை மைல் இறங்கும், எல்லாரும் டெக்னிக்கைத் தேடிட்டிருப்பாங்க.

வசந்தகால முகாம்ல பந்து எண்ணிக்கையை 15, 15-ஆ ஏத்துவாங்க: 20 பந்து சொந்த பேட்டருக்கு, அப்புறம் 2 இன்னிங்ஸ் 30-35, 3 இன்னிங்ஸ் 45-50. எண்ணிக்கையை விட "எத்தனை தடவை உக்காந்து எழுந்தான்" முக்கியம். ஒரே இன்னிங்ஸ்ல 30 பந்து போடுறது ரெண்டு இன்னிங்ஸ்ல 40 போடுறதை விட மோசம். அசந்த தசையோட விடுற கடைசி 8 பந்துதான் முழங்கையைத் தின்னும். அதனால முகாமுக்குள்ள நடக்கிற பயிற்சி ஆட்டத்துல எண்ணிக்கை ஏறிட்டா மூணு அவுட் ஆகாமலேயே இன்னிங்ஸை மூடிடுவாங்க. புதுசா பார்க்கிறவங்களுக்கு குழப்பமா இருக்கும், ஸ்கோர்போர்டு கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க.

முந்தின வருஷத்தை விட 30 இன்னிங்ஸுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு ஒரு பழைய விதி சுத்திட்டே இருக்கு. அப்புறம் நடந்த அலசல்கள்ல அது நிக்கல. ஆனா திடீர்னு ஏத்தக் கூடாதுங்கிற உணர்வு சரிதான். கில்பர்ட் மேஜர் லீக்ல போட்டது 2021-ல 119.1, 2022-ல 185.2, 2023-ல 190.2, 2024-ல 208.2. முதல் தாவல் பெருசு, ஆனா அவருக்கு 2019-லயே மைனர்ல 135 இருந்துச்சு. உச்சத்தை மட்டும் பார்க்காம அடியில என்ன இருக்குன்னும் பார்க்கணும்.

10 நவம்பர் 2025 | ஃபைன்லெக்

ஒரு பந்தைப் புதுசா கத்துக்கிறது எப்படி இருக்கும்? நம்ம பௌலர் நக்கிள் பால் பழகுற மாதிரியா?

10 நவம்பர் 2025 | புல்பென்

மில்லரோட ஸ்ப்ளிட்டரை, அதாவது கடைசியில விழுற பந்தை, எடுத்துக்கலாம். 2023 மே மாசம் டபுள்-ஏ (மைனர் லீக்ல மேல இருந்து ரெண்டாவது படி) ஆர்கன்சா டீம்ல இருந்து நேரா வந்து ஓக்லாந்துக்கு எதிரா முதல் ஆட்டத்துலயே 10 ஸ்ட்ரைக் அவுட். ஃபாஸ்ட்பால் பிரமாதம். ஆனா சீசன் போகப் போக இடக்கை பேட்டர்கள் வெளுத்தாங்க, ஏன்னா அவங்களைவிட்டு விலகி இறங்குற பந்து அவர்கிட்ட இல்லை. அந்தக் குளிர்காலத்துல ஸ்ப்ளிட்டர் சேர்த்தார். 2024-ல 31 ஆட்டம்.

பிடி இப்படி: பந்தைத் திருப்பி, தையல் ரெண்டு கோடும் நெருங்கி வர்ற குறுகலான இடத்தைக் கண்டுபிடிங்க. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த ரெண்டு கோட்டுக்கும் வெளிப்பக்கம். கட்டைவிரல் நேர் கீழ. மணிக்கட்டை விறைப்பா வச்சு ஃபாஸ்ட்பால் போடுற அதே கை வேகத்துல விடணும். விரல் பின்னாடி தள்ளாம பக்கவாட்டுல வழுக்குறதால சுழற்சி செத்துப்போகும். ஃபாஸ்ட்பால் நிமிஷத்துக்கு 2,300 சுத்து, இது 1,000-லிருந்து 1,500. சுத்து குறைஞ்சா பந்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை, கடைசியில விழும்.

பழகுற வரிசை: ரெண்டு வாரம் வெறும் கேட்ச்ல, 60 அடியில, பத்துப் பதினஞ்சு தடவை. அப்புறம் சமதரையில கேட்சரை உக்கார வச்சு. அப்புறம் புல்பென்ல 25 பந்துல 8. டிராக்மேன்ல (பந்தைப் பின்தொடர்ற ரேடார்) சுழற்சியும் இறக்கமும் ஒவ்வொரு பந்துக்கும் உடனே தெரியும். கேமரால எந்த விரல் கடைசியா விடுதுன்னு பார்ப்பாங்க. நல்ல ஸ்ப்ளிட்டர்ல ரெண்டு விரலும் ஏறக்குறைய ஒண்ணா விடும். நடுவிரல் பின்னாடி தங்கினா பந்து கட்டர் (லேசா பக்கவாட்டுல வெட்டிப் போற பந்து) மாதிரி பிளேட் நடுவுக்கு ஓடும், அதை இடக்கைக்காரன் வெளியில அனுப்புவான்.

தப்பு நடக்குற இடங்கள்: பந்து மேல நின்னுடும், அதாவது விரல் இறுக்கம் போதல. விரல் ஓரத்துல கொப்புளம். முன்கை உள்பக்கம் இறுக்கம். இது வந்தா அன்னிக்கே நிறுத்தணும், முழங்கைத் தசைநாருக்குத் துணை நிக்கிற தசை அதுதான். சின்னக் கை உள்ள பையனை இதுக்கு வற்புறுத்தவே கூடாது. அவனுக்கு இப்போ கிக் சேஞ்ச்னு ஒண்ணு வந்திருக்கு: நடுவிரலை மடக்கி தையல்ல குத்தி வச்சா, விடும்போது அந்த விரல் பந்தோட அச்சைச் சாய்ச்சு விடும். கையை உள்பக்கம் திருப்ப வராத பசங்களுக்கு வரம். ஒயிட் சாக்ஸ்ல டேவிஸ் மார்ட்டின் இதை வச்சுத்தான் பேசப்பட்டார்.

நக்கிள் பால் பௌலரும் கை வேகத்தைக் குறைக்காமதான் பந்து வேகத்தைக் குறைக்கிறார். இங்கயும் கை வேகம் குறைஞ்சா அன்னிக்கே பிடிபட்டுடுவான்.

22 நவம்பர் 2025 | இடக்கை

எல்லாம் சரி. 2025-ல உங்க மரினர்ஸ் வளர்ப்பு எல்லாம் ஆஸ்பத்திரில வரிசையா நின்னுச்சே?

23 நவம்பர் 2025 | புல்பென்

நின்னுச்சு. கிர்பி தோள் காயத்தோட சீசனை ஆரம்பிச்சார். கில்பர்ட் ஏப்ரல்ல முன்கைத் தசை. மில்லர் முழங்கை. 186.2 இன்னிங்ஸ் போட்டு, முதல் 25 ஆட்டத்துலயும் 6 இன்னிங்ஸ் குறையாம போன வூவுக்கு செப்டம்பர்ல மார்புத் தசை, முதல் பிளேஆஃப் சுற்றே போச்சு. டீம் டொரன்டோகிட்ட ஏழாவது ஆட்டம் வரைக்கும் போனது வேற விஷயம்.

2024 டிசம்பர்ல எம்எல்பியே (மேஜர் லீக் நிர்வாகம்) வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொல்லுது. ஃபாஸ்ட்பால் சராசரி 2008-ல 91.3 மைல், 2024-ல 94.2. பிட்சர்கள் காயப் பட்டியல்ல ஏறினது 2005-ல 212 தடவை, 2024-ல 485. மேஜர், மைனர் சேர்த்து டாமி ஜான் ஆபரேஷன் 2010-ல 104, 2024-ல 281. வேகம், பந்து வடிவத்தைத் துரத்துறது, ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சா போடுறது, இந்த மூணையும் அறிக்கை கை நீட்டுது. முதல் ரெண்டும் நான் மேல புகழ்ந்ததேதான்.

உள்ள என்ன நடக்குதுன்னா: ஒரு பந்துக்கு முழங்கை மேல வர்ற திருகு சுமார் 64 நியூட்டன் மீட்டர்னு 1995-லயே அளந்தாங்க. சடலத்துல எடுத்த தசைநார் 32 பக்கத்துலயே அறுந்துடுது. மீதியை முன்கைத் தசை தாங்குது. தசை அசந்த நிமிஷம் கணக்கு தசைநார் பேர்ல எழுதப்படும். அதனால வேகம் ஏத்துற டீம் முன்கைப் பிடிபலத்தை வாராவாரம் அளக்கலைன்னா அது வளர்ப்பு இல்லை, அறுவடை.

இதுக்கு முழுத் தீர்வு யாருகிட்டயும் இல்லை. 1995-ல மெட்ஸ் டீம் பல்சிஃபர், இஸ்ரிங்ஹௌசன், பால் வில்சன்னு மூணு பேரை எதிர்காலம்னு தூக்கி வச்சுச்சு. மூணு பேருக்கும் கை போச்சு. ஒரு பழைய கேலி இன்னும் ஓடுது: வளர்ற பிட்சர்னு ஒரு ஜாதியே கிடையாது, காயம் ஆனவன், இன்னும் ஆகாதவன் ரெண்டு பேர்தான்.

24 நவம்பர் 2025 | ஃபைன்லெக்

பொத்திப் பொத்தி வளர்த்தா?

24 நவம்பர் 2025 | புல்பென்

ஜப்பான்ல ரோகி சசாகி. பள்ளியில 163 கிலோமீட்டர். 2019-ல இவாதே மாகாண இறுதி ஆட்டத்துல கோச் அவரைப் போட விடல, டீம் தோத்துச்சு, ஊரே கோச்சைத் திட்டுச்சு. லோட்டே டீம் 2020 முழுக்க ஒரு ஆட்டம்கூடப் போட விடாம உடம்பைக் கட்டுச்சு. 2022 ஏப்ரல் 10-ல 105 பந்துல பெர்ஃபெக்ட் கேம் (ஒரு பேட்டர்கூட பேஸ் தொடாத முழு ஆட்டம்), 19 ஸ்ட்ரைக் அவுட், அதுல 13 தொடர்ச்சியா. அடுத்த ஆட்டம் 8 இன்னிங்ஸ் யாரும் பேஸ் தொடல, 102 பந்துல வெளிய எடுத்தாங்க. அவ்வளவு பொத்தியும் 2025-ல டாட்ஜர்ஸுக்கு 8 ஆட்டம் ஆரம்பிச்சதும் தோள் காயம். அக்டோபர்ல ரிலீஃப் ஆளா (ஆட்டத்து நடுவுல வந்து போடுறவரா) திரும்பி வந்து கலக்கினதை நீங்களே பார்த்திருப்பீங்க.

நம்ம பக்கம் கேட்கிறவங்களுக்கு: இந்தியாவுல நடந்த 2008 'மில்லியன் டாலர் ஆர்ம்' எறிதல் போட்டியில முதல் ரெண்டு இடம் பிடிச்சு, பைரேட்ஸ் டீம் ஒப்பந்தம் பண்ண ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேரும் ஈட்டி எறிஞ்சவங்க, பௌலர் இல்லை. கை மடங்கி நிமிரணும்ல. பௌலருக்கு முதுகெலும்பு உடையும், பிட்சருக்கு முழங்கை.

2 டிசம்பர் 2025 | புல்பென்

விட்டுப்போன ஒண்ணு. மில்லரும் வூவும் டிரிபிள்-ஏ (மைனர் லீக்ல மேல்படி) டகோமா டீமைத் தொடாமலே மேல வந்ததுக்கு இடமும் ஒரு காரணமா இருக்கலாம், இது என் ஊகம். டகோமா விளையாடுற லீக்ல ஆல்புகெர்க்கி, ரீனோ, சால்ட் லேக் மாதிரி உயரமான ஊர்கள். காத்து மெலிசு, வளையுற பந்து வளையாது, தட்டுனா பறக்கும். 22 வயசுப் பையன் தன் ஸ்லைடர் மேல சந்தேகப்பட்டு பிடியை மாத்திடுவான். ஆனா ஆர்கன்சா மைதானம் பிட்சருக்குச் சாதகம், அங்க வந்த நம்பரை அப்படியே நம்பவும் முடியாது. ஸ்கோர் மேல கண்ணு வைக்காம, அளந்த வடிவத்தைப் பார்க்கணும்.

2026-லிருந்து மேஜர்லயும் பால்-ஸ்ட்ரைக் சேலஞ்ச் (அம்பயர் சொன்னதை மெஷின்ல சரிபார்க்கக் கேட்கிறது) வருது, டீமுக்கு ரெண்டு. ஸோனோட மேல்கோடு பேட்டர் உயரத்துல 53.5 சதவீதம். மேல போட்டுப் பிழைக்கிற வூ மாதிரி ஆட்களுக்கு அம்பயர் தயவு இனி கொஞ்சம் குறையும்.

14 டிசம்பர் 2025 | புதுசா வந்தவர்

அக்கா பையன் நியூ ஜெர்சியில, 15 வயசு. பள்ளி டீம்ல பிட்ச் பண்றான், வாரக்கடைசியில டிராவல் டீம் (பள்ளிக்கு வெளிய, ஊர் ஊரா போய் ஆடுற டீம்). அக்கா வீட்டுக்காரர் எடைப் பந்து வாங்கித் தரலாமான்னு கேட்கிறார்.

14 டிசம்பர் 2025 | புல்பென்

இப்போ வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுங்க. முதல்ல ஒரு நோட்டுப் புத்தகம். எம்எல்பியோட பிட்ச் ஸ்மார்ட் கணக்குப்படி 15-16 வயசுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 95 பந்து. 30 வரைக்கும் ஓய்வு தேவையில்லை, 31-45 போட்டா 1 நாள், 46-60-க்கு 2, 61-75-க்கு 3, 76-க்கு மேல போனா 4 நாள். வருஷத்துக்கு 100 இன்னிங்ஸ் தாண்டக் கூடாது. நாலு மாசம் எறிதலே இல்லாம இருக்கணும், அதுல ரெண்டு மூணு மாசம் தொடர்ச்சியா.

சிக்கல் ரெண்டு டீம்லதான். பள்ளி கோச் வியாழக்கிழமை 70 பந்து எண்ணுவார், டிராவல் கோச் சனிக்கிழமை பூஜ்யத்துல இருந்து எண்ணுவார். ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டு போகணும், அதை வீட்டுல யாராவது எழுதணும். பிட்ச் பண்ண அன்னிக்கு கேட்சரா நிக்க விடாதீங்க. கேட்சர் திருப்பி எறியுற பந்து யார் கணக்குலயும் வராது. டிசம்பர்ல எறியுறானான்னு கேளுங்க, எறிஞ்சா அதுவும் நோட்டுல ஏறணும்.